காலிக் கிரேட் கணக்கு

வங்கிப் படிவத்தில் பதினான்காவது கேள்வி:
'போட்டி மிகுந்த சந்தையில்
உங்கள் தொழில் ஏன் நிலைக்கும்?'
பதிலுக்கு இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள்.

பதினோரு வருஷம் கும்பகோணத்தில் சோடா லைன் ஓட்டியவன் நான்.
மேலக்காவேரி, பாலக்கரை, செட்டிமண்டபம்,
தாராசுரம் மார்க்கெட் சுற்றி
காலி பாட்டில்கள் கிலுகிலுக்கத் திரும்புவேன்.
மூன்று கம்பெனிக்கு ஓட்டினேன்.
இரண்டின் கேட்டில் இப்போது
வேறு யாருடைய பூட்டோ தொங்குகிறது.

ஜபருல்லா பாயின் பன்னீர் சோடாவைக்
குடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.
ஏலக்காய் இடிக்கத் தனியாக ஆள்.
பாகை நாலு மடிப்பு வேட்டியில் வடிகட்டுவார்.
'ஏப்பம்கூட மணக்குது பாய்' என்பார்
நாகேஸ்வரன் கோயில் வாசல் பூக்காரர்.
அவர்தான் முதலில் மூடினார்.

சோடா பன்னிரண்டு ரூபாய், அதைச் சுமக்கும் கண்ணாடி பதினெட்டு.
கல்யாண மண்டபத்துக்கு நாற்பது கிரேட் போய்
இருபத்தாறு திரும்பினால்
மாப்பிள்ளைக்கு நாம் மொய் எழுதியதாக அர்த்தம்.
கேட்டு வாங்கி வரட்டுமா என்றால்
'நல்ல காரியத்துல போய்
காலிய எண்ணுவாங்களாப்பா?' என்பார்.

இன்னாசிமுத்து எண்ணுவார். சாவு வீட்டிலும் எண்ணுவார்.
அவரைக் கவிழ்த்தது தண்ணீர்.
ஆறு வறண்ட வருஷம்
போரை முந்நூறு அடிக்கு இறக்கினார்.
அதன்பின் லெமன் சோடாவில்
எலுமிச்சைக்கு முன்னால் உப்பு வந்து நின்றது.
மிஷின் போட்டுச் சுத்திகரிக்கலாம், அடுத்த சீசனில், என்றார்.
அந்த அடுத்த சீசனில்தான்
பெரிய கம்பெனிக்காரன்
கடைக்கொரு ஃப்ரிட்ஜ் சும்மா இறக்கினான்.
சிவப்பு. கண்ணாடிக் கதவு. உள்ளே விளக்கு.
வேறு பாட்டில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.
மாதம் இரண்டு தடவை ஒரு பையன் வந்து
கதவைத் திறந்து போட்டோ எடுத்துப் போவான்.
வாழைத்தார் நிழலில்
வெதுவெதுவென்று நின்ற எங்கள் சரக்கை
மே மாதத்தில் யார் கேட்பார்கள்?

திலகவதி அக்கா கம்பெனி இன்றும் ஓடுகிறது.
சோடா சுமார்தான், அவரே சொல்வார்.
ஃப்ரிட்ஜ் நுழையாத இடமாகத் தேடினார்.
நெல் மூட்டையை அடுக்கிவிட்டு
ஈரப்பதம் குறையட்டும், சாக்கு வரட்டும் என்று
கொள்முதல் நிலையத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பவர்களிடம்
டிவிஎஸ் ஃபிப்டியில் ஐஸ் பெட்டியோடு என்னை அனுப்பினார்.
அங்கே பாட்டில் எங்கும் போகாது.
குடித்தவரே மறுநாளும் அங்கேதானே இருக்கிறார்.
ஐப்பசி பிறந்தால் மிஷினுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு
தையில்தான் எடுப்பார்.
இன்னொன்றும் சொல்ல வேண்டும்:
கட்டடம் அவர் பேரில். வாடகை கிடையாது.
ஜெயித்தவர்களைப் பற்றிப் பேசும்போது
இதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

என் ஷெட்டுக்கு வாடகை ஒன்பதாயிரம்.
தண்ணீர் பரவாயில்லை, இப்போதைக்கு.
இதையெல்லாம் எப்படி இரண்டு கோட்டில் அடைப்பது?

பாய்க்குப் படிவம் நிரப்பித் தந்ததும் நான்தான்.
'தரமான பொருள், நியாயமான விலை'
என்று எழுதினேன் அன்றைக்கு.
ஒரே வாரத்தில் கடன் வந்துவிட்டது.

அதையே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பெட்டிக்கடையில் சில்லறை மாற்றும்போது
கல்லாவுக்குக் கீழே ஒரு பாட்டில்.
கழுத்தில் அச்சாகிய 'ஜ'.
உள்ளே அரை பாட்டில் பினாயில்.
பழக்க தோஷம்,
எண்ணினேன்:
ஒன்று.