சாவடிக்காரியின் நோட்டு

பீடோங் கடைத்தெருவில்
கீழே இரும்புச் சாமான் கடை, மேலே ஆறு அறை.
சாவியும் சவுக்காரமும் சில்லறையும் என் பொறுப்பு.

வியாழன் ராத்திரி, விடாத மழையில்
செம்பனைக் குலை லாரி ஒன்று வாசலை அடைத்து நின்றது.
ஓட்டி வந்தவன் கிளந்தான் பேச்சுக்காரன்.
லொம்போக் பையன் ஒருவனைத்
தோளில் போட்டுக்கொண்டு படியேறினான்.
சம்பளத்தைப் பறித்தவர்கள்
மண்டையையும் உடைத்திருந்தார்கள்.
பெர்மிட் கிடையாது.
ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு மட்டும் கண் திறந்து
'ஜாங்ஙான்' என்றான்.

ஐம்பது வெள்ளித் தாள் இரண்டு, ஈரத்தோடு.
"மேலே செலவானால் எழுதி வைங்க அக்கா,
திரும்பி வரும்போது தர்றேன்."
பெயர் கேட்க மறந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து
உபதேசியார் சந்தியாகுவிடம் சொன்னபோது
அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.
திருச்சபையின் ஆதித் தந்தையர்
அந்த உவமையை எப்படிப் பிரித்துப் பார்த்தார்கள் என்று
விரல் மடக்கினார்.
அடிபட்டவன் ஆதாம்.
எருசலேம் பரதீசு, எரிகோ இந்த உலகம்.
விலகிப் போன குரு, திருச்சட்டம்;
லேவியன், இறைவாக்கினர்.
சுமந்த மிருகம் ஆண்டவரின் உடல்.
சாவடி நம் சபை.
இரண்டு காசு, பிதாவும் சுதனும்.
இரண்டு ஏற்பாடும்தான் என்பாரும் உண்டு.
திரும்பி வருவேன் என்றது
இரண்டாம் வருகை.

விரிப்பை நாலு தண்ணீரில் அலசினேனே,
அதற்கு என்ன பொருள்?

கொஞ்சம் யோசித்தார்.
"அதை யாரும் எழுதலை" என்றார்.
பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அரிசி. டெட்டால். கட்டுத்துணி.
தோட்டத்து டிரஸர் இஞ்ஞாசி
இருட்டில் வந்து ஏழு தையல் போட்டதற்கு நாற்பது.
வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.
செவ்வாய்க்கிழமை மத்தியானத்தோடு
பிதாவும் தீர்ந்தார், சுதனும் தீர்ந்தார்.
இப்படிச் சொல்வது பாவமோ என்னவோ,
நோட்டில் அப்படித்தான் வருகிறது.

அதன்பிறகு எழுதியதெல்லாம்
அவன் வரவேண்டிய பக்கத்தில்.
ஆலைக்குப் போகிற லாரி எது வேகம் குறைத்தாலும்
வானொலியைத் தணிக்கிறேன்.
தூரத்தில் கியர் மாறிப் போய்விடுகிறது.
இத்தனை நூற்றாண்டாக
அந்தச் சாவடிக்காரனும் இப்படித்தான்
வாசலைப் பார்த்தபடி விளக்கெண்ணெய் ஊற்றியிருப்பான்.
அவன் பெயரையும் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நம்பர் அறையில் சத்தம்.
ஆதாம் எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.
கஞ்சி வேண்டாமாம்,
சோறும் சம்பாலும் வேண்டுமாம்,
மிளகாய் கூடுதலாக.

எழுதிக்கொள்கிறேன்.