பார்வைத் தூரம்

உருகாத ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெயர்.
விடியாத ஊர் என்று அந்த ஊருக்கு.
வரைபடத்தில் கிரைஸ் ஃபியோர்ட், ரெசல்யூட்.
நடுவே முந்நூற்று எண்பது சொச்சம் கிலோமீட்டர்,
ட்வின் ஆட்டரில் ஒன்றரை மணி நேரம்,
காற்று எதிர்க்கவில்லையென்றால்.
அந்த ‘இல்லையென்றால்’ என்ற சொல்லுக்குள்தான்
நாங்கள் நூற்றுச் சொச்சம் பேரும் குடியிருக்கிறோம்.

என் வேலை எளிது.
மணிக்கொருமுறை வெளியே போய்
எதுவரை தெரிகிறது என்று பார்த்துச் சொல்வது.
ஓடுபாதை முனையின் எண்ணெய்த் தொட்டி தெரிந்தால்
கால் மைல்.
கடல்பனியில் இறுகி நிற்கும் பனிமலை தெரிந்தால்
ஒன்றரை.
எதிர்த்தீவின் நெற்றி தெரிந்துவிட்டால்
அன்றைக்குக் கடையில் வாழைப்பழம்.

என் அண்ணன் நுத்தாரா இதே தூரத்தை
ஸ்னோமொபைலில் இரண்டு நாளில் கடப்பான்.
தூரம் என்றால் பெட்ரோல்தான், கூடக் கொஞ்சம் தேநீர் என்பான்.
போன நவம்பரில் பனி அவனைத் தாங்கவில்லை.

ஊலிபீகா பிரசவத்துக்குப் போய் ஏழு வாரம்.
இங்கே பிள்ளை பெற இடமில்லை,
விமானம் மாறி மாறித் தெற்கே போகவேண்டும்.
பெண் குழந்தை. அண்ணன் பெயரை வைத்தோம்.
எங்களில் பெயருக்கு ஆண் பெண் கிடையாது.
போனில் அவளை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன்.
பதிலுக்கு ஏப்பம் விடுகிறாள்.
அவனும் அப்படித்தான்.

ஒன்பது நாள் ரெசல்யூட் விடுதியில்.
மே மாதம், சூரியன் படுக்கப் போவதே இல்லை,
இருந்தும் என்ன, மூடுபனி அதையும் மென்றுவிடுகிறது.

இன்று கிளம்பினார்கள்.
வானம் சுத்தம் என்று சொன்னவன் நான்தான்.
ஒரு மணி பத்து நிமிடத்தில்
பனிமலை காணாமல் போயிற்று.
அப்புறம் கரையில் கவிழ்த்த படகுகள்.
வானொலியில் விமானி ஜெர்வே:
எவ்வளவு தெரிகிறது?

தொட்டி இருந்தது. அதற்கப்பால் பால்.
பனிமலை எங்கே நிற்கிறதென்று எனக்குத் தெரியும்,
கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.
தெரியும்.
தெரியவில்லை.

கால் மைல் என்றேன். மேகம் முந்நூறு அடி.

தலைக்கு மேலே சத்தம் ஒரு வட்டம் போட்டது.
கூப்பிடு தூரத்தில்
என் மனைவி, என் மகள், என் அண்ணன்.
ஜெர்வே மைக்கைப் பின்பக்கம் நீட்டியிருக்க வேண்டும்.
நாலு நொடி அழுகை, நல்ல தொண்டை.
பிறகு அவன் குரல்: திரும்புகிறோம்.

பதிவேட்டில் எண்களை எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்,
அங்கே எழுதக்கூடாததுதான்,
எஞ்சின் ஒலி, தென்மேற்கே, தேய்கிறது.

அவர்கள் பாதி வழிகூடப் போயிருக்க மாட்டார்கள்,
பனிமலை வந்துவிட்டது,
ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி.
அங்கே இறங்கியதும் ஜெர்வேயின் பணிநேரம் முடிந்துவிடும்.

வெளியே போனேன், பார்த்தேன்.
அதையும் எழுதினேன்: ஒன்றரை மைல்.