ஹென்டீஸ் பே, காலை ஐந்தரை

கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொள்ளுங்கள்.
நமீபியா பாலைவனம் என்று நம்பி வந்தவர்கள்தான்
இங்கே முதலில் நடுங்குவார்கள்.
தெற்கே பனிக்கடலிலிருந்து வரும் தண்ணீர் இது.
டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டேன்,
இல்லாவிட்டால் சுறாவுக்கு முன்னால்
மணல் நம்மைப் பிடித்துவிடும்.

என் பெயர் லாஹ்யா.
போன வாரம் வந்தவர் கடைசிவரை
"ஏய்" என்றுதான் கூப்பிட்டார்.

கானாங்கெளுத்தியைக் குறுக்கே வெட்டுங்கள்.
தலைப்பக்கம் வேண்டும், குடல் தொங்க வேண்டும்.
மூக்கைப் பொத்தாதீர்கள்,
இந்த நாற்றத்துக்கும் சேர்த்துத்தான்
பணம் கட்டியிருக்கிறீர்கள்.

முள் வட்டமாக வளைந்திருக்கிறது பாருங்கள்,
தொண்டைக்குள் இறங்காது, வாயோரம் மாட்டும்.
அதன் எதிர்ச்செதிலை நேற்றிரவே
இடுக்கியால் நசுக்கிவிட்டேன்.
எஃகுக் கம்பி ஒன்றரை ஆள் நீளம்.
பல்லுக்கு மட்டும் என்றால் ஒரு முழம் போதும்.
செப்புச் சுறாவின் தோலே அரம்,
நரம்பு உரசினால் பஞ்சு.

நுரையில் வீசாதீர்கள்.
வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே
கறுத்த பட்டை ஒன்று கிடக்கிறதே,
அது பள்ளம். அங்கே.

இனி வேலை ஒன்றுமில்லை.
காபி குடிக்கலாம்.
அந்த நரி இரை வாளிக்காக வந்திருக்கிறது,
உங்களைப் பார்க்க இல்லை.

தட்டும். இரண்டு முறை, கதவு தட்டுவதுபோல்.
வெட்டி இழுக்காதீர்கள்.
கம்பு தானாக வளையட்டும், பிறகு ரீலை இறுக்குங்கள்,
முள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.
அது ஓடும்போது சுற்றாதீர்கள்.
அது நிற்கும்போது நிற்காதீர்கள்.
கரையோடு நீந்தினால் கரையோடு ஓடுங்கள்,
முழங்கால் பற்றி நாளைக்குப் பேசலாம்.

போன வாரத்தவர் ஐம்பது நிமிடம் தாங்கினார்,
அதை மறுக்க மாட்டேன்.
டாக்டர் டெட்லெஃப், பிரிட்டோரியாவில் பல் மருத்துவர்.
எராஸ்டஸ் வாலைப் பிடித்து இழுக்க,
நான் துடுப்பைப் பிடித்துத் திருப்ப,
அலையின் விளிம்பில் கொண்டுவந்து கிடத்தினோம்.
வயிறு இருபுறமும் வழிந்து கிடந்தது.
கைவைத்தேன்.
உள்ளே ஒன்று நகர்ந்தது,
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

அவர் மண்டியிட்டு
பல்வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.
மனைவி கேமராவுக்கு வேறு லென்ஸ் தேடினாள்.
"மேலே இழுங்கள், காய்ந்த மணலுக்கு,
வெளிச்சம் அங்கேதான்" என்றார்.

விலா எலும்பு இல்லாத உடம்பு சார் அது,
தண்ணீர்தான் அதற்கு விலா.
மணலில் கிடந்தால் தன் கனமே தன்னை நசுக்கும்.
இதையெல்லாம் சொல்ல நேரமில்லை.
இடுக்கியால் முள்ளைத் திருப்பினேன், கழன்றது.
எராஸ்டஸ் என் முகத்தைப் பார்த்தான், தள்ளினான்.

இடுப்பளவு தண்ணீரில் வாலைப் பிடித்து நின்றேன்,
கால் மரத்துப்போகும்வரை.
சட்டென்று ஒரு உதறல்,
மணிக்கட்டு கிழிந்தது. இதோ, இந்தத் தழும்பு.
அதை நன்றி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.
தோல் அரம் என்று சொன்னேனே.

"என் மீன்" என்றார் டாக்டர்,
திரும்பும் வழியெல்லாம், ஜன்னலைப் பார்த்து.
முதலாளிக்குக் கடிதம் போனது.
எனக்கு இரண்டு நாள் கூலி போனது.

அதனால்தான் கம்பைத் தொடுமுன் இந்தக் காகிதம்:
படம் தண்ணீரிலேயே, நான் எண்ணும் முப்பதுக்குள்.
அடையாளச் சீட்டு குத்துவது நான்.
எப்போது விடுவது என்பதும் நான்.
பேனா டேஷ்போர்டில் இருக்கிறது.

விடத்தான் போகிறோம் என்றால் எதற்குப் பிடிப்பது
என்று கேட்கிறீர்கள்.
வாடகைக்கு என்பது என் பதில்.
ஆனால் அந்த உதறலுக்காக
வாடகை இல்லாத நாளிலும் வந்திருக்கிறேன்,
அதை எந்தக் காகிதத்தில் எழுதுவது?

கையெழுத்து அப்புறம் போடுங்கள்.
கம்பின் நுனி.
என்னைப் பார்க்காதீர்கள்,
நுனியைப் பாருங்கள்.