குடித்துப் பார்

ஏற்காட்டில் காலை ஏழரை.
தகரக் கூரைக்குக் கீழே பதினொரு கோப்பைகள்,
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு சீட்டு:
தோட்டத்தின் பெயர், பறித்த தேதி, காய்ந்த நாட்கள்.
கரண்டியால் நுரையை உடைக்க வேண்டும்,
ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் உறிஞ்ச வேண்டும்,
துப்ப வேண்டும், எழுத வேண்டும்.

முதல் கோப்பையில் ஒன்றுமில்லை, காப்பிதான்.
இரண்டாவதில் யாரோ ஈரச் சாக்கை இழுத்துப் போகிறார்கள்.
மூன்றாவதைத் தாண்டிவிட்டேன், சூடு.
நான்காவது
நாக்கில் பட்டதும் ஊதா.
பூவின் ஊதா இல்லை.
அஞ்சு ரோட்டில் மழை விட்ட பிறகு
வெல்டிங் கடை வாசலில் தேங்கிய நீரில்
டீசல் விரிக்குமே, அந்த ஊதா.
அதன் ஓரத்தில் சின்னதாய் ஒரு ஜால்ரா.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
புளிப்பு, இனிப்பு, கனம், பின்சுவை,
பத்துக்கு எத்தனை.
குறிப்பு என்ற இரண்டு விரற்கடை இடத்தில் எழுதினேன்:
ஊதா, ஓரத்தில் ஜால்ரா.

மேலாளர் சேசுராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஜால்ரா இங்கேயே நெறைய இருக்கும்மா,
ஏற்றுமதி வேற பண்ணணுமா?"
அடித்துவிட்டு மேலே "நாவற்பழம்" என்று எழுதினார்.
நாவற்பழம் பொய்யில்லை.
ஆனால் சத்தம் போடாது.

பிறகு அவரே ஒன்பதாவதை உறிஞ்சி முகம் சுளித்தார்:
"இன்னும் பச்சை வாசனை போகலை."
பச்சை நிறமாச்சே சார், என்றேன்.
"பேச்சு வழக்கும்மா அது" என்றவர்
கோப்பையை என் பக்கம் தள்ளி
"வேணும்னா நீயே குடிச்சுப் பார்" என்றார்.

பார், என்றார்.
மோந்து பார், தொட்டுப் பார், கேட்டுப் பார்:
எங்கே போனாலும்
கண்ணைத் துணைக்கு அனுப்புகிற பாஷையில்
நான் மட்டும் என்ன தப்பாக எழுதிவிட்டேன்?

பத்து மணிக்கு மூடுபனி ஜன்னல் வரை வந்தது.
சில்வர் ஓக் போயிற்று, மிளகுக் கொடி போயிற்று,
வாசலில் நின்ற ஜீப் போயிற்று.
பத்தாவது கோப்பையில் எனக்கு வெந்நீர் மட்டும்.
சேசுராஜ் அதற்கு எட்டுப் போட்டார்.
நான் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் சேலம் இறங்கும் பேருந்தில்
ஏழாவது வளைவில் காது அடைத்துக்கொண்டது.
உரித்த ஆரஞ்சுச் சுளை வாயில் அட்டையாகிவிட்டது.
மெல்லாமல் வைத்திருந்தேன்.
அடிவாரத்தில் எச்சில் விழுங்கவும்
டப்பென்று திறந்தது:
முதலில் கண்டக்டரின் விசில்,
அதற்குப் பின்னால்
கொஞ்சம் தாமதமாய்,
புளிப்பு.