சனிக்கிழமை ஏழு மணி, மியர்பேங்க்

ஆலைப் புகை இன்று
கடல் பக்கம் திரும்பியிருக்கிறது. நல்ல நாள்.

வலையின் நடுவே ஒரு கிழிசல்.
தைத்துத் தரட்டுமா என்று முதல் வாரமே கேட்டேன்.
இருபத்தாறு வருடம் சட்டைக் காலர் தைத்த கை
ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்காது.
"ஊசி வேண்டாம் ஆன்ட்டி, ராக்கெட்டைப் பிடிங்க"
என்றாள் நொம்புசோ.

டாக்டர் நடக்கத்தான் சொன்னார்.
நடந்தேன், மூன்று தெரு. நாய்கள்.
அப்புறம் நூலகச் சுவரில் இந்தக் காகிதம்:
பெரியவர்களுக்குத் தொடக்கநிலை டென்னிஸ்,
ராக்கெட் இரவல்.

நாங்கள் ஐந்து பேர்.
பூபாலன் பஸ் ஓட்டுகிறவர்,
சீட்டின் வளைவு முதுகில் இருக்கிறது.
பந்து வந்தால் அவர் வலது கால் பிரேக்கைத் தேடும்.
தாயநாயகியின் முட்டிகள்
மழைக்கு ஒரு நாள் முன்னமே பேசும்.

முதல் பந்து எனக்கு அகப்படவில்லை.
இரண்டாவதும்.
மூன்றாவது வேலிக்கு அப்பால் போனது.
குரங்கொன்று எடுத்து முகர்ந்து
பழமில்லை என்று தெரிந்ததும்
எங்கள் மேலேயே வீசியது.
அதற்கு ஃபோர்ஹேண்ட் நன்றாக வருகிறது.

மூச்சு. இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தேன்?
விலாவுக்குள் மடித்து வைத்த துணி
பிரிந்து பிரிந்து வருகிறது,
அந்துருண்டை வாசனையோடு.

சர்வ்தான் பாடு.
மேலே போடு, போட்டதைப் பார், என்கிறாள்.
மேலே.
மெஷினில் எல்லாம் கீழே: ஊசி கீழே,
கண் கீழே, சம்பளக் கவர் மேசைக்கடியில்.
தோளுக்கு மேல் இந்தக் கை எழுந்ததெல்லாம்
கொடியில் துணி போட.

போட்டேன். மூக்கில் விழுந்தது.
பூபாலன் சிரிக்கவில்லை,
போன வாரம் அவர் மூக்கு.

மறுபடி போட்டேன்.
உயரப் போய் ஒரு கணம் நின்றது மஞ்சளாய்.
பின்னால் அவ்வளவு ஆகாயம்.
அடிக்க மறந்துவிட்டேன்.

ஆடியில் சர்க்கரை பன்னிரண்டு.
நேற்று எட்டு புள்ளி ஒன்று.
நம்பாமல் நர்ஸ் இன்னொரு விரலையும் குத்தினாள்.
மாடிப்படியில் வழக்கமாக நிற்கும் இடத்தில்
நிற்காமல் போய்விட்டதை
கதவைத் திறந்த பிறகுதான் கவனித்தேன்.

இன்று என் பந்து
வலைக் கிழிசலுக்குள் நுழைந்து
அந்தப் பக்கம் போய் விழுந்தது.
செல்லாது என்றாள் தாயநாயகி.
செல்லும் என்றேன்.
வெயில் ஏறும்வரை சண்டை போட்டோம்.
இருவருக்கும் மூச்சு மிச்சமிருந்தது.