பால்பல்

முப்பத்தோரு வருஷம் கவுண்டிக்காகப்
பனி தள்ளும் லாரி ஓட்டினேன்.
அதற்கப்புறம்தான் இது. சம்பளம் கிடையாது.
முப்பது மணி நேரப் பயிற்சி,
நீதிபதி முன் கையுயர்த்தி ஓர் உறுதிமொழி,
என் பேர் போட்ட ஒரு தாள்.
அந்தத் தாளைக் காட்டினால்
பள்ளிக்கூடம் கதவைத் திறக்கும்,
ஆஸ்பத்திரி கோப்பைத் திறக்கும்.
கோல்பி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வயது. பதினொரு மாதத்தில் நாலாவது வீடு.
கோப்பு சொன்னது:
சாப்பிட மறுக்கிறான். பிடிவாதம்.
ஆப்பிளைச் சுவரில் எறிந்தான்.
மருந்து கொடுப்பது பற்றி யோசிக்கலாம்.

எழுதிய ஜோலீனைக் குறை சொல்லமாட்டேன்.
அவள் கையில் இருபத்தேழு பிள்ளைகள்.
என் கையில் ஒன்று.

செவ்வாய்தோறும் போனேன்.
அவன் தரையில். முட்டி நெறிய நானும் தரையில்.
பொம்மை லாரிக்குச் சக்கரம் மூன்றுதான்.
மூன்றை வைத்து எப்படித் திருப்புவது என்று
தெரிந்தவள் மாதிரி சொல்லிக்கொடுத்தேன்.

ஐந்தாவது செவ்வாய்
கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினான்.
முன்பல் ஒன்று
ஈறில் நூலளவு ஒட்டிக்கொண்டு
மூச்சு பட்டாலே ஆடியது.
"வில்லாதான் புடுங்கணும்," என்றான்.
"அவளுக்குத்தான் வலிக்காமப் புடுங்கத் தெரியும்."

வில்லா அக்கா. பத்து வயது.
இருப்பது ஹேவரில், வேறொருவர் வீட்டில்,
கிளாஸ்கோவிலிருந்து நூற்றைம்பது மைல்.
முதல் பல்லை அவள்தான் எடுத்தாளாம்,
ஷூ லேஸிலிருந்து பிரித்த நூலால்,
அம்மா எழுந்திருக்காத ஒரு காலையில்.
பல்லை எடுத்துவிட்டு
தண்ணீரில் சீரியல் கரைத்துக் கொடுத்தாளாம்.
ஆகஸ்டுக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.
இது பிப்ரவரி.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு: குழந்தையின் விருப்பம்.
மூன்று ராத்திரி அதைக் காலியாகவே விட்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்:
கோல்பிக்குப் பசிக்கிறது.
ஒரு பல்லை அக்காவுக்காக வைத்திருக்கிறான்.

கோர்ட்டில் ரேடியேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
கடைசி வரிசையில் அம்மா.
புதுச் சட்டை, விலைச்சீட்டின் பிளாஸ்டிக் நூல்
கக்கத்தில் இன்னும் தொங்கிற்று.
நீதிபதி ஆம்ஸ்டெட் கண்ணாடியைக் கழற்றினார்.
மறுபடி போட்டுக்கொண்டார்.
"இந்தப் பல் இன்னும் எத்தனை நாள் தாங்கும், மிஸஸ் ஹாலர்ட்?"
தெரியாது, ஐயா.
தார் வெடிப்பென்றால் பார்த்ததும் சொல்லிவிடுவேன்.
யாரோ சிரித்தார்கள்.
அம்மா சிரிக்கவில்லை. அவள் நாக்கு
தன் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் போவது
கன்னத்தின் வெளியே தெரிந்தது.

சனிக்கிழமை, என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

என் வண்டியில் அவனை ஏற்றக்கூடாது, அது விதி.
ஜோலீன் காரில் பின் இருக்கையில் அவன்.
விதியில் எங்கேயும்
நான் முன்னால் போகக்கூடாது என்று இல்லை.

இந்தச் சாலையை எனக்குத் தெரியும்.
எந்த வளைவில் பனி தாரைத் தின்றிருக்கும்,
எந்தப் பாலத்தின் தொடக்கத்தில் சக்கரம் குதிக்கும்
எல்லாம் என் இடுப்பெலும்பில் இருக்கிறது.
ஒவ்வொரு குழிக்கும் முன்னால்
பிரேக்கை இரண்டு தரம் தட்டினேன்.
சிவப்பு, சிவப்பு.
பின்னால் ஜோலீன் வேகம் குறைப்பாள்.
கூடவே மில்க் ஆறு உறைந்து கிடந்தது,
பேரில் மட்டும் பால்.

நடுவில் பெட்ரோல் போட நின்றபோது
ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
உதட்டைக் கடித்தாற்போல் மூடியிருந்தான்.
சாக்லேட் பால் வேண்டுமா என்றதற்கு
தலையைக்கூட ஆட்டவில்லை.
ஆட்டினால் விழுந்துவிடும்.

சினூக் தாண்டி ஓரிடத்தில்
தார் முழுக்கப் பெயர்ந்து கிடந்தது.
நடக்கிற வேகத்துக்கு இறங்கினேன்.
எங்களுக்குப் பின்னால் மாட்டு லாரி ஒன்று
ஹாரன் அடித்தது, விடாமல் அடித்தது.

அடிக்கட்டும்.