ஆறாவது இதழ்

அன்யன்யூக்காவுக்கு எத்தனை இதழ்?
எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆல்ட்டோ ஓஸ்பிசியோவின் கடைசித் தெருவில்
பதினோரு பேர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம்.
மடியில் உலகத்தார் கழித்துப்போட்ட உடுப்புகள்.
கப்பலேறி இக்கிக்கே துறைமுகத்தில் இறங்கி
கடைக்குப் போகாமல் மணலுக்குப் போனவை.
விலைச்சீட்டு கழற்றாத குளிர்ச்சட்டைகள்,
எங்கோ நடக்காமலே போன மாரத்தானின்
மூட்டை மூட்டையாய்ப் பனியன்கள்.

ராத்திரியில் யாராவது கொளுத்துவார்கள்.
பாலியஸ்டர் புகைக்கு ஒரு ருசி உண்டு,
நாக்கில் செப்புக்காசை வைத்ததுபோல.
விடிந்தால், கொடியில் காயும் எங்கள் துணியிலும்
முகம் தெரியாதவர்களின் துணி எரிந்த வாடை.

பூச் செய்வோம் என்றவள் யாஸ்னா.
தெற்கே மழை எப்போதாவது தப்பிப் பெய்தால்
பாலைவனம் முழுக்கப் பூக்குமாம்.
காலண்டரில் பார்த்திருக்கிறோம்,
தூரத்திலிருந்து எடுத்த படம்,
யாரோ சாயத்தைக் கொட்டிவிட்டதுபோல ஒரு சிவப்பு.
இங்கே அதுகூடக் கிடையாது.
இங்கே மழையென்றால் தகரத்தில் பத்துச் சொட்டு,
பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை.

லாரி ஓட்டும் எர்மோகெனெஸ்தான்
வாயெனார் பக்கம் நேரில் கண்டவர்.
டயர்க்கடை ரசீதின் பின்புறம் வரைந்தார்:
ஆறு.
அஞ்சு, என்றாள் நில்சா.
நீ பார்த்தாயா?
பார்க்கலை. ஆனா பூன்னா அஞ்சுதான்.
எய்ட்டியிலிருந்து வந்த ரோஸ்மேன்
நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
எங்கள் ஊரில் பூவை யாரும் எண்ணுவதில்லை.

ஆறென்று முடிவானது.
ஹேங்கர் கம்பி தண்டாயிற்று.
ஜிப்பின் பல்லைப் பிரித்தால் மகரந்தம்.
மொட்டுக்கு
மார்க்கச்சையின் கிண்ணத்தை மிஞ்ச எதுவுமில்லை;
சிரித்த சிரிப்பில் அன்றைய தையல் முழுக்கக் கோணல்.

ஆகஸ்டில் குப்பைமேட்டுக்குப் பின்னாலிருக்கும் சரிவில்
மூவாயிரத்துச் சொச்சம் நட்டோம்.
முதல் நீர் பாய்ச்சியது வில்டரின் நாய்.
இரண்டாவது, கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி.
காலையில் ஒவ்வொரு இதழ்நுனியிலும் ஒரு சொட்டு.
நாங்கள் யாரும் பேசவில்லை.
பஸ்ஸை நிறுத்தி இறங்கிய ஒருவன்
குனிந்து முகர்ந்தான்,
முகர்ந்ததை யாரும் பார்த்தார்களா என்று
திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

செப்டம்பரில், பட்டம் விடுகிற காற்று,
இரண்டே மணி நேரம்.
பிடுங்கியதை எல்லாம் கிழக்கே கொண்டுபோயிற்று.
குப்பையை எடுத்துப் பூவாக்கி
மறுபடி ஊரெல்லாம் குப்பையாக இறைத்திருக்கிறோம்.
எனக்கு வெட்கமாக இருந்தது.
நில்சா மூன்று நாள் சாக்கோடு அலைந்தாள்;
ஒரு சாக்கு நிறைந்தது,
மற்றவை எங்கேயோ.

அக்டோபரில் போன் வந்தது.
எர்மோகெனெஸ்.
நெடுஞ்சாலையில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி,
மைல்கல் ஓரம் இரண்டு கல்லிடுக்கில்
சிவப்பு ஒன்று நிற்கிறது.
சாயவில்லை. நிற்கிறது.
எடுத்து வரட்டுமா, விட்டுவிடட்டுமா?

எத்தனை இதழ், என்றேன்.

போனுக்குள் காற்று.
லாரிக் கதவு சாத்தும் சத்தம்.
செருப்புக் காலில் சரளைக்கல் நொறுங்குவது.
பிறகு, எண்ணுகிறவரின் முணுமுணுப்பு.

அஞ்சு.

பிய்ந்துபோனதா,
இல்லை, வைத்ததே அவ்வளவுதானா?
நில்சாவைப் பார்த்தேன்.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தையல் டப்பாவில் ஊசி இருந்தது.
யாஸ்னா ஒரு சிவப்புக் கையை
சட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தாள்.
விட்டுவிடுங்கள், என்றேன் போனில்,
அங்கேயே நில்லுங்கள்.
ரோஸ்மேன் ஏற்கெனவே தெருமுனைக்குப் போய்
போகிற வண்டிக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டிருந்தாள்.
நில்சாவும் வந்தாள்,
ஒன்றும் சொல்லாமல்,
கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு.